அடிமனை யாருடையது?

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துத் தென்மேற்கு மூலையில், கறுப்பினத்துப் பண்ணைக் கூலி ஒருவர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனால் அவருக்கு வேலை போகும். வேலையோடு வீடும் போகும். அவர் குடியிருந்த குடிசை பண்ணை முதலாளியின் நிலத்தில் நின்றது. காலி செய் என்று சொல்ல முதலாளிக்கு ஒரு சொல் போதும். அல்பனி நகரை மையமாகக் கொண்டு 1961இல் எழுந்த சிவில் உரிமைப் போராட்டத்தில் களப்பணியாளராக வந்து சேர்ந்த சார்லஸ் ஷெரோட் இதைத் திரும்பத் திரும்பக் கண்டார். சட்டம் வாக்குரிமை கொடுக்கலாம். காலுக்குக் கீழே உள்ள மண் இன்னொருவருடையதாக இருக்கும்வரை அந்த உரிமையைப் பயன்படுத்தும் துணிவு எங்கிருந்து வரும்?

தமிழ் வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதே ஆண்டுகளில் கீழத் தஞ்சையில் பண்ணையாட்கள் மிராசுதாரர் கொடுத்த மனையில்தான் குடியிருந்தார்கள். கூலி உயர்வு கேட்டு எழுந்த போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. விவசாயத் தொழிலாளர்கள் குடியிருக்கும் மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1971இல். வீட்டு மனை என்பது கூரை போடும் இடம் மட்டுமல்ல, நிமிர்ந்து நிற்பதற்கான இடமும்தான் என்பதை இரண்டு நாடுகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அறிந்துகொண்டன.

எளிய குடும்பங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்களாக இலாப நோக்கற்ற அமைப்புகள் எப்படி உதவ முடியும் என்ற கேள்விக்கு உலகெங்கும் பல விடைகள் உண்டு. அவற்றுள் எனக்கு மிக வலுவானதாகத் தோன்றுவது அந்த ஜார்ஜியா மண்ணில் பிறந்த சமுதாய நில அறக்கட்டளை. அதன் வேர்களில் ஒன்று இந்தியாவில் இருக்கிறது.

1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவேயின் பூதான இயக்கம் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது கிராமதானமாக வளர்ந்தது. தனித்தனியாக நிலம் வாங்கிக் கொடுத்தால், கடன் நெருக்கும்போது ஏழை அதை விற்றுவிடுகிறான் என்பதைக் கண்ட இயக்கம், நிலத்தின் உரிமையைக் கிராம சபையிடம் வைத்து, உழுது அனுபவிக்கும் உரிமையை மட்டும் குடும்பத்திடம் விடும் முறைக்கு வந்தது. 1956–57இல் வினோபா தமிழ்நாட்டு ஊர்களில் நடந்தபோது உடன் நடந்தவர்களில் சங்கரலிங்கம் ஜெகந்நாதன் முக்கியமானவர். ரால்ஃப் போர்சோடி என்ற அமெரிக்கப் பொருளியல் சிந்தனையாளர் சில காலம் இந்தியாவில் தங்கி, இந்த இயக்கத்தை அருகிருந்து பார்த்தார். ஊர் திரும்பி 1967இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். அதில் அவருடன் சேர்ந்தவர் ராபர்ட் ஸ்வான்; இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்துச் சிறை சென்றவர், காந்தியச் சிந்தனையில் ஊறியவர். இந்த ஸ்வானும் அல்பனியின் ஷெரோட், ஸ்லேட்டர் கிங் முதலிய போராளிகளும் சந்தித்ததில்தான் கிராமதானம் அமெரிக்க மண்ணில் ஊன்றியது. 1968இல் அவர்களில் சிலர் இஸ்ரேல் சென்று, பொதுவில் வைத்த நிலத்தைக் குடும்பங்களுக்கு நீண்ட குத்தகைக்கு விடும் முறையையும் ஆராய்ந்தார்கள்.

1969இல் அதே ஜார்ஜியா மூலையின் லீ கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்றது) ஏறக்குறைய 5,700 ஏக்கர் வாங்கி ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கறுப்பின மக்களிடம் இருந்த மிகப்பெரிய நிலப்பரப்பு அதுவே. நிலம் அமைப்புக்கு, வீடு குடும்பத்துக்கு என்பது திட்டம். மக்காச்சோளமும் நிலக்கடலையும் பயிரிட்டார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் கடை போட்டு விளைச்சலை விற்றார்கள். திட்டமிட்டபடி வீடுகள் எழவில்லை. மத்திய அரசு தருவதாகச் சொன்ன பெரிய நிதியை மாநில ஆளுநர் தடுத்தார். 1970களில் வறட்சி வந்தபோது வெள்ளை விவசாயிகளுக்குக் கிடைத்த அவசரக் கடன் இவர்களுக்கு மறுக்கப்பட்டது, இழுத்தடிக்கப்பட்டது. 1985இல் நிலம் முழுவதும் கடனுக்குப் போயிற்று.

நீதி கிடைக்க 24 ஆண்டுகள் பிடித்தன. விவசாயத் துறையின் இனப்பாகுபாட்டுக்கு எதிரான வழக்கில் 2009இல் அவர்களுக்கு ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் டாலர் இழப்பீடு தீர்ப்பானது. அந்தப் பணத்தில் 2011இல் அல்பனிக்கு அருகே 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட ஒரு பண்ணையை வாங்கினார்கள். ஒரு காலத்தில் அடிமைகளின் உழைப்பில் இயங்கிய பண்ணை அது.

லீ கவுண்டிக்கு வடக்கே ஒட்டியிருப்பது சம்டர் கவுண்டி. அங்கே கொய்னோனியா என்ற பண்ணையைக் கிளாரன்ஸ் ஜோர்டன் 1942இல் தொடங்கியிருந்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்ட இடம், அதனால் குண்டுவீச்சையும் வியாபாரப் புறக்கணிப்பையும் சந்தித்த இடம். அங்கே உருவான வீட்டு முயற்சியிலிருந்து மில்லார்ட் ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் 1976இல் ‘ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி’யைத் தொடங்கினார்கள். வட்டியில்லாக் கடன், வீடு பெறும் குடும்பத்தின் உடலுழைப்பு, தன்னார்வலர்களின் கை உதவி என்ற மூன்றும் அதன் அடிப்படை. அதே கவுண்டியின் பிளெய்ன்ஸ் ஊர்க்காரரான முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1984 முதல் சுத்தியலோடு வந்து நின்றதால் அது உலகறிந்த பெயராயிற்று.

எளியோர் வீட்டுடைமைக்கான இரண்டு பெரிய இயக்கங்கள் அடுத்தடுத்த கவுண்டிகளில், ஏழாண்டு இடைவெளியில் பிறந்தன. இரண்டும் எதிரிகள் அல்ல. ஹேபிடட்டின் கிளைகள் சில இன்று நில அறக்கட்டளைகளோடு சேர்ந்தே வேலை செய்கின்றன. ஆனால் இரண்டும் எழுப்பிய கேள்விகள் வேறு. இந்தக் குடும்பத்துக்கு எப்படி ஒரு வீடு கிடைக்கும் என்பது ஒன்றின் கேள்வி. இந்தக் குடும்பத்துக்குப் பின் இதே வீட்டுக்கு வரப்போகும் குடும்பத்துக்கும் அது எப்படி எட்டும் விலையில் இருக்கும் என்பது மற்றதன் கேள்வி. தொண்டு நிறுவனங்களின் வீட்டுத் திட்டங்களில் பெரும்பாலும் கேட்கப்படாமல் போவது இந்த இரண்டாவதுதான்.

அந்தக் கேள்விக்கு முழு வடிவில் விடை கிடைத்த இடம் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரம். பெர்னி சாண்டர்ஸ் மேயராக இருந்தபோது 1984இல் நகராட்சி 2 லட்சம் டாலர் தொடக்க நிதி கொடுத்து ஒரு நில அறக்கட்டளையை உருவாக்கியது. 2006இல் இன்னொரு வீட்டு அமைப்போடு இணைந்து ‘சாம்ப்ளெய்ன் ஹவுசிங் டிரஸ்ட்’ ஆயிற்று. இன்று 600க்கும் மேற்பட்ட சொந்த வீடுகளும் 2,000க்கும் மேற்பட்ட வாடகை வீடுகளும் அதன் பராமரிப்பில் உள்ளன.

நடைமுறை தமிழ்நாட்டில் கோயில் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவருக்கு எளிதில் புரியும். அடிமனை ஒருவருக்கு, மேலே உள்ள கட்டடம் இன்னொருவருக்கு. நிலம் என்றென்றும் அறக்கட்டளையிடம் இருக்கும். குடும்பம் கட்டடத்தை மட்டும் விலைக்கு வாங்குகிறது. நிலத்துக்குப் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகை, சிறு தொகை தரைவாடகை. குத்தகையைப் புதுப்பிக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம். வங்கியில் வீட்டுக்கடன் வாங்கலாம், சுவரை இடித்துக் கட்டலாம். விற்கவும் செய்யலாம், ஆனால் முதலில் வாங்கும் உரிமை அறக்கட்டளைக்கே. விலை சந்தை விலை அல்ல; குத்தகைப் பத்திரத்தில் முன்பே எழுதிய கணக்கின்படி.

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சந்தை மதிப்பு 2,50,000 டாலர். பொதுப்பணத்தில் 50,000 டாலர் மானியமாகப் போகிறது. குடும்பம் 2,00,000 டாலருக்கு வாங்குகிறது. பத்தாண்டுகளில் சந்தை மதிப்பு 3,50,000 ஆகிவிடுகிறது. வழக்கமான மானியத் திட்டமானால் குடும்பம் சந்தை விலைக்கு விற்றுப் போய்விடும். மானியம் போட்ட 50,000ம் அதோடு போகும். அடுத்த ஏழைக் குடும்பத்துக்கு அதே வீட்டைக் கொடுக்க 1,50,000 டாலர் மானியம் வேண்டும். பர்லிங்டன் முறையில், உயர்ந்த மதிப்பான ஒரு லட்சத்தில் நான்கில் ஒரு பங்கு விற்பவருக்கு. அவர் 25,000 டாலர் கூடுதலாகப் பெறுகிறார். அதுவரை அடைத்த கடன் முதலும், வீட்டைச் செப்பனிட்டு மேம்படுத்தியதற்கான மதிப்பும் தனி. வீடு 2,25,000க்கு அடுத்த குடும்பத்தின் கைக்குப் போகிறது. புதிதாக ஒரு காசு மானியம் தேவைப்படவில்லை. ஒருமுறை செலவழித்த பொதுப்பணம் அந்த மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

கோயில் மனையோடு ஒப்பிட்டேன். அந்த ஒப்புமை ஓர் இடத்தில் முறிகிறது, அந்த இடமே முக்கியமானது. ஸ்ரீரங்கம் போன்ற கோயில் ஊர்களில் அடிமனை உரிமை குறித்துக் குடியிருப்போர் நீண்ட காலமாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். வாடகையைத் தீர்மானிக்கும் இடத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. நில அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவிலோ மூன்றில் ஒரு பங்கு அதன் வீடுகளில் குடியிருப்பவர்கள், ஒரு பங்கு அந்த வட்டாரத்தின் பிற மக்கள், மீதி நகராட்சி அலுவலர், வல்லுநர் போன்றோர். நிலத்தை வைத்திருப்பவரும் நிலத்தில் வாழ்பவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பது சட்ட அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1992இல் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டமும் நில அறக்கட்டளைக்கு இந்த வடிவில் ஒரு வரையறை கொடுத்தது.

இதெல்லாம் நன்றாக எழுதப்பட்ட பத்திரம் மட்டுமே செய்யும் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. இதற்கு நம் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892இல் சென்னை மாகாண அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. பின்னர் விற்றாலும் அதே வகுப்பினருக்கே விற்க வேண்டும். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பஞ்சமி நிலம் என்று நாம் அறிவது இதைத்தான். நிபந்தனை என்ற அளவில், அமெரிக்க நில அறக்கட்டளையின் மறுவிற்பனை விதிக்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல. முக்கால் நூற்றாண்டு முந்தையது. ஆனாலும் அந்த நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. நிபந்தனை தாளில் இருந்தது. அதைக் காக்கும் பொறுப்புள்ள அமைப்பு ஊரில் இல்லை. நெருக்கடியில் அந்தக் குடும்பம் ஓடிப்போய்க் கதவைத் தட்ட ஓர் இடம் இல்லை. தட்ட முடிந்த ஒரே கதவு நிலத்தைப் பறிக்கக் காத்திருந்தவருடையது.

நில அறக்கட்டளை செய்யும் உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது. வீடு வாங்குமுன் குடும்பத்தோடு உட்கார்ந்து வரவு செலவு பார்க்கிறார்கள். வட்டி ஏறி இறங்கும் ஆபத்தான கடன்களுக்கு அனுமதி தருவதில்லை. தவணை தவறினால் வங்கி அறக்கட்டளைக்குத் தெரிவிக்க வேண்டும். அறக்கட்டளை தலையிட்டு நிலுவையைக் கட்டலாம், வங்கியோடு பேசலாம், கடைசியில் வீட்டைத் தானே வாங்கலாம். 2008 வீட்டுக்கடன் சரிவு இந்த வேலையைச் சோதித்துப் பார்த்தது. 2010 இறுதியில் அமெரிக்க வீட்டுக்கடன்களில் 4.63 சதவீதம் ஜப்தி நடவடிக்கையில் இருந்தன. நில அறக்கட்டளை வீடுகளில் அது 0.46 சதவீதம். அந்த வீடுகளில் இருந்தவர்கள் சராசரி அமெரிக்கரைவிட வருமானம் குறைந்தவர்கள் என்பதை மறக்காமல் இந்த எண்களைப் படிக்க வேண்டும். ஏழைக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது என்று வங்கிகள் சொல்லிவந்த காரணம், ஏழையின் பக்கத்தில் நிற்க ஆள் இருந்தபோது பொய்யாயிற்று.

வீட்டிலிருந்து வட்டாரத்துக்கு வருவோம். பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரி பகுதியில் டட்லி தெருவைச் சுற்றி, 1980களில் 1,300 மனைகள் வரை காலியாகக் கிடந்தன. வங்கிகள் அந்தப் பகுதிக்குக் கடன் தர மறுத்தன. காப்பீட்டுப் பணத்துக்காக வீடுகளை அவற்றின் உரிமையாளர்களே கொளுத்தினார்கள். குப்பை லாரிகள் அங்கே வந்து கொட்டின. 1984இல் மக்கள் தாங்களே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். கறுப்பர், லத்தீனோ, கேப் வெர்டியர், வெள்ளையர் என்று நான்கு பிரிவினருக்கும் குழுவில் சம இடங்கள். அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது வீடு அல்ல, குப்பை. சட்டவிரோதக் குப்பைக் கிடங்குகளை மூட வைத்த பிறகுதான், கூடினால் ஏதோ நடக்கும் என்ற நம்பிக்கை தெருவில் பிறந்தது. 1988இல் அமெரிக்காவில் எந்த வட்டார மக்கள் அமைப்பும் பெற்றிராத ஒன்றைப் பெற்றார்கள்: காலி மனைகளைப் பொதுநலனுக்காகக் கையகப்படுத்தும் அரசு அதிகாரம். ஏழைகளை வெளியேற்றவே பயன்பட்டு வந்த அதிகாரம் அது. அதைக் கொண்டு சேர்த்த நிலத்தை நில அறக்கட்டளையில் வைத்து 200க்கும் மேற்பட்ட வீடுகளையும், பூங்காவையும், பசுமைக்குடில் ஒன்றையும் எழுப்பினார்கள்.

சென்னைவாசிகள் கவனிக்க வேண்டிய கதை போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் இருக்கிறது. மார்ட்டின் பென்யா என்ற கால்வாயின் கரையில் பட்டா இல்லாமல் பல தலைமுறைகளாகக் குடியிருந்தவர்கள். கால்வாய் தூர்ந்து, மழை பெய்தால் கழிவுநீர் வீட்டுக்குள் வரும். அரசு தூர்வாரத் திட்டமிட்டபோது மக்கள் அடுத்த கட்டத்தை யோசித்தார்கள்: கால்வாய் சுத்தமானால் கரை நிலத்தின் விலை ஏறும், பிறகு நம்மை யார் இங்கே விட்டுவைப்பார்கள்? தனித்தனிப் பட்டா கேட்பதா என்று நூற்றுக்கணக்கான கூட்டங்களில் விவாதித்து, கூட்டு நில அறக்கட்டளை வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். தனிப் பட்டா கிடைத்தால் ஒவ்வொருவராக விலைபேசி வெளியேற்றிவிடுவார்கள் என்பது அவர்கள் கணிப்பு. 2004இல் அதற்கெனவே தனிச் சட்டம் வந்தது. ஏறத்தாழ 200 ஏக்கர் அறக்கட்டளைக்கு வந்தது. குடும்பங்களுக்கு மேற்பரப்பு உரிமைப் பத்திரம் தருவது ஏற்பாடு. 2009இல் அரசு மாறி நிலத்தைப் பறித்தது. மக்கள் விடவில்லை, போராடி 2013இல் திரும்பப் பெற்றார்கள். கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பியதைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை என்று சொல்பவர்கள் இந்தக் கால்வாய்க் கரையைப் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

இந்த முறைக்கு எதிரான வாதங்களில் ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன். அமெரிக்காவில் வெள்ளைக் குடும்பங்களின் செல்வம் வீட்டு விலை ஏறியதால் சேர்ந்தது. 1930களிலிருந்து அரசும் வங்கிகளும் வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கறுப்பினப் பகுதிகளை அந்த வாய்ப்பிலிருந்து விலக்கின. இப்போது அந்தக் குடும்பங்களுக்கு வீடு வரும்போது மட்டும், விலை ஏற்றத்தில் கால் பங்கு போதும் என்று சொல்வது என்ன நீதி? இதற்கு முழு விடை இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் முன் உண்மையில் இருக்கும் தேர்வு, கால் பங்கு இலாபமா முழு இலாபமா என்பதல்ல. கால் பங்கும் நிலையான வீடுமா, ஆண்டுதோறும் ஏறும் வாடகையா என்பதே. வாடகைதாரருக்கு விலை ஏற்றத்தில் பங்கே இல்லை. இன்னொரு குறை அளவு. அமெரிக்கா முழுவதும் நில அறக்கட்டளைகள் சில நூறு மட்டுமே. தொடக்க நிலத்துக்கு அரசுப் பணமோ அரசு நிலமோ இல்லாமல் இவை வளர்வதில்லை. வெர்மான்ட் மாநிலம் 1987இல் வீட்டுக்கும் நிலப் பாதுகாப்புக்கும் சேர்த்துத் தனி வாரியம் அமைத்து நிதி கொடுத்ததால் பர்லிங்டன் தழைத்தது. அந்த ஆதரவு மறுக்கப்பட்டதால் நியூ கம்யூனிட்டீஸ் வீழ்ந்தது. தொண்டு நிறுவனம் அரசுக்கு மாற்று என்று பேசுவோர் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழ் மண்ணில் இந்த வழியில் நெடுந்தூரம் நடந்தவர்கள் ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும். கீழ்வெண்மணிக்குப் பின் கீழத் தஞ்சைக்கு வந்து தங்கி, 1981இல் ‘லாஃப்டி’ என்ற உழுவோர் நில உரிமை அமைப்பைத் தொடங்கினார்கள். மிராசுதாரரிடம் பேசி, வங்கிக் கடன் பெற்று நிலம் வாங்கி, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் பெண்களின் பெயரிலேயே பதிந்து கொடுத்தார்கள். 13,000 ஏக்கருக்கு மேல் கைமாறியது. பிறகு மண்குடிசைகளுக்குப் பதில் கல்வீடு என்ற வேலையையும் கிருஷ்ணம்மாள் எடுத்துக்கொண்டார். இருவருக்கும் 2008இல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருதும், கிருஷ்ணம்மாளுக்கு 2020இல் பத்மபூஷணும் கிடைத்தன. கிராமதானத்தில் தொடங்கிய அவர்கள் பொது உரிமையை விட்டுத் தனிப் பட்டாவுக்கு வந்ததை நான் பின்வாங்கலாகக் கருதவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பெயரே இல்லாதிருந்த பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு பத்திரம் என்பது முதல் தேவை. பத்திரம் கொடுத்ததோடு அவர்கள் ஊரைவிட்டுப் போகவுமில்லை.

தமிழ்நாட்டில் அரசும் தொண்டு நிறுவனங்களும் இன்றும் ஆயிரக்கணக்கில் வீடு கட்டிக் கொடுக்கின்றன. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் மட்டும் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்ற கணக்கில் பொதுப்பணம் போகிறது. சாவி கொடுக்கும் விழாவுக்கு மறுநாள் முதல் அந்த வீட்டை, அந்தக் குடும்பத்தை, அந்த மனையைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் பொறுப்பு இல்லை. புதிய சட்டத்துக்காகக் காத்திருக்காமல் இதை மாற்றத் தொடங்கலாம். வீட்டுத் திட்டம் நடத்தும் ஒவ்வொரு தொண்டு நிறுவனமும் அடுத்த குடியிருப்பைக் கட்டும்போது, நிலத்தை ஒரு பொது அறக்கட்டளையின் பெயரில் பதிந்து, அதன் குழுவில் மூன்றில் ஒரு இடத்தைக் குடியிருப்போருக்கு ஒதுக்கட்டும். கட்டுமானச் செலவோடு, பத்தாண்டுகளுக்கு உடனிருந்து பார்ப்பதற்கான செலவையும் திட்ட மதிப்பீட்டில் சேர்க்கட்டும். நகரத்துக்குள் ஆற்றோரத்தில் இன்னும் மிஞ்சியிருக்கும் குடியிருப்புகளை அப்புறப்படுத்தும் முன், ஒரே ஒரு குடியிருப்பிலாவது அடிமனையை அங்கு வாழும் மக்களின் கூட்டு உரிமையாக்கிப் பார்க்க அரசு முன்வரட்டும்.